தொட்டுக்க என்ன?

அவரை நான் முதன்முதலில் பார்த்தது என் கடைப் படிக்கட்டில். காய்ச்சல் மாத்திரை ஒன்றை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்து விழுங்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டு கருப்பட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தார்.

"ரொம்பக் கசக்குதாண்ணே?" என்று கேட்டேன்.

"கசப்பெல்லாம் இல்ல தங்கச்சி. வெறும் மாத்திரைய எப்புடி முழுங்குறது? தொட்டுக்க எதாச்சும் வேணும்ல?"

அந்த நிமிடமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஆட்களை எடைபோடுவதில் எனக்கு எப்போதும் கொஞ்சம் தாமதம். "உள்ள வாங்கண்ணே" என்றேன். அடுத்த ஒன்றரை மாதம் அவர் வெளியே போகவே இல்லை என்று சொன்னால் அது கொஞ்சம்தான் மிகை.

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மாடியில், என் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று மனிதருக்கு வரக்கூடிய எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு டிசைன் உண்டு. மெனு கார்டு மட்டும் அதுவரை அடித்ததில்லை. அவர் கேட்டு வந்தது அதைத்தான்.

ஆள் இலுப்பூர்ப் பக்கம். வளைகுடாவில் ஒரு கம்பெனி கேம்ப்பில் இருபத்தெட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர், பெரும்பாலும் சமையல்காரராக. அதே கேம்ப்பில் நர்ஸாக இருந்த ஒரு வெள்ளைக்காரம்மா, ஓய்வு பெற்றதும் பாண்டிச்சேரி தாண்டி ஒரு கடற்கரை ஊருக்கு வந்து குடியேறிவிட்டார். அந்த ஊரில் பாதிப் பேர் வெள்ளைக்காரர்கள். ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்து, திரும்பிப் போக மறந்தவர்கள். அவர்களுக்காக அந்தம்மா ஒரு சின்ன உணவகம் திறப்பதாக இருந்தது. பழைய சமையல்காரரை நினைவு வைத்திருந்து போன் செய்திருக்கிறார். சொன்னது ஒன்றுதான்: ஒரே பக்கம், பன்னிரண்டே பதார்த்தம். என்னென்ன என்று அவரே முடிவு செய்து, அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்து, சமைத்துக் காட்ட வேண்டும். இவருக்கு முன்னால் இரண்டு சமையல்காரர்கள் அறுபது எழுபது ஐட்டங்களை எழுதிக்கொண்டு போய் நின்றார்களாம். அந்தம்மா பாதிகூடப் படிக்கவில்லை. "எனக்கு வேண்டியது கடை, கல்யாண மண்டபம் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டாராம்.

இன்னொரு பக்கம், திருச்சி ஏஜெண்டு ஒருவர் மறுபடி வளைகுடாவுக்குப் போக விசா எடுத்து வைத்திருந்தார். கடற்கரை வேலை அமைந்தால் பஸ் ஏறினால் வீடு. அமையாவிட்டால் அடுத்த மாசக் கடைசியில் விமானம்.

"இந்தத் தடவ ஏறுனா திரும்ப எப்பன்னு எனக்கே தெரியாது தங்கச்சி" என்று முதல் நாளே சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கியது.

"சரிண்ணே, பன்னெண்டு ஐட்டம்தான, சொல்லுங்க" என்று கீபோர்டை இழுத்தேன். பத்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

"மொதல்ல பான்கேக்."

அடித்தேன்.

"அதுக்குக் கீழ சின்ன எழுத்துல போடுங்க. தொட்டுக்க, தேங்காச் சட்னி, காரச் சட்னி."

"அண்ணே, அவுங்க பான்கேக்குக்குத் தேனு ஊத்திச் சாப்பிடுவாங்க."

"அதுவே தித்திப்பு. தித்திப்பு மேல தித்திப்ப ஊத்துனா நாக்கு எங்கிட்டு ஒதுங்கும்? பாவம்ல?"

பாவம் என்றது நாக்கையா வெள்ளைக்காரர்களையா என்று நான் கேட்கவில்லை. அடித்தேன்.

இரண்டாவது ஸ்பகெட்டி. அதை அவர் இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றே கருதினார். "கொஞ்சம் தடிச்சுப் போச்சு, அம்புட்டுத்தான்." ஆகவே அதற்குக் கோசமல்லி. கத்தரிக்காயை அவித்து மசித்து, புளி கரைத்துவிட்டுத் தாளிப்பார்களே, எங்கள் பக்கத்தில் இடியாப்பத்துக்கு அதுதான் ஜோடி. பொரித்த மீனுக்குப் பூண்டுத் துவையல். வறுத்த கோழிக்கு எள்ளுத் துவையல். ஆம்லெட்டுக்கு, ஆதனக்கோட்டை முந்திரியை வறுத்து அரைத்து ஒரு சட்னி. அது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதைச் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். பன்னிரண்டும் முடிந்தபோது திரையில் நாற்பத்தோரு வரி இருந்தது.

"அந்தம்மா பன்னெண்டுன்னுதானண்ணே சொல்லிருக்காங்க?"

"பன்னெண்டுதான இருக்கு. மத்ததெல்லாம் தொட்டுக்க. அத யாரு எண்ணுவா?"

சாலட்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம் எல்லாம் அவர் கணக்கில் தொட்டுக்க. "எதுக்குத் தொட்டுக்கன்னு சொல்லாம, வெறும் தொட்டுக்கய மட்டும் தட்டுல வச்சுக் குடுத்தா அது ஏமாத்துல்ல தங்கச்சி? கேட்டு வர்ற மனுசன் மீதி எங்கன்னு கேப்பான்ல?" என்று புலம்பிக்கொண்டே போனார். மறுநாள் முகம் தெளிந்து வந்தார். ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாராம். "சாலட்ட சாப்பாடுன்னு வச்சுக்குவோம். அதுக்குத் தொட்டுக்க எலுமிச்சஞ்சோறு." ஊர் உலகத்தில் சோற்றையே தொட்டுக்கவாக ஆக்கிய ஒரே ஆள் அவராகத்தான் இருப்பார். அதையும் அடித்தேன்.

சூப்புக்கு இரண்டு நாள் போனது. குடிக்கிற பொருளுக்குத் தொட்டுக்க வைக்கலாமா கூடாதா என்று அவருக்குள் ஒரு பட்டிமன்றமே நடந்தது. அன்றைக்குக் கடையில் ஒருவர், தன் பெரியப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க வந்து காத்திருந்தார். பெரியப்பா காலையில்தான் போயிருந்தார். நான் நெளிந்துகொண்டே, "அண்ணே, அவுங்க வேலைய மொதல்ல முடிச்சுக் குடுத்துர்றேன்" என்றேன். இவர் அந்த மனிதர் பக்கம் திரும்பினார். ரொம்ப மரியாதையாக, "ஒங்க பெரியப்பா சூப்பு குடிச்சா கூட என்ன சாப்பிடுவாங்க?" என்று கேட்டார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அந்த மனிதர் இவரை ஒரு நொடி வெறித்துப் பார்த்தார். பிறகு, "மொளகு வடைங்க. ரெண்டு திம்பாரு. மூணாவத எடுத்து மடியில கட்டிக்குவாரு" என்றார். சொன்னவுடன் அதுவரை வராத அழுகை அவருக்கு வந்துவிட்டது. இவர் அவர் முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "சூப்பு, தொட்டுக்க மொளகு வடை. அடிங்க தங்கச்சி" என்றார்.

ஐஸ்கிரீமுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம் என்று ஒருநாள் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செருப்புச் சத்தம் பாதிப் படியில் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலே ஏறி வந்து, கதவுக்குள் தலையை மட்டும் நீட்டி, "மிச்சரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சுவரில் மாட்ட சமையல்காரரின் போட்டோ ஒன்று வேண்டும் என்று அந்தம்மா கேட்டிருந்தார். பின்னால் கோயில் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கொடும்பாளூர் மூவர் கோயிலுக்குப் போனோம். நல்ல வெயில், நல்ல புல்தரை, நல்ல கல் விமானம். மனிதர் விறைப்பாக நின்றார். நான் கேமராவைத் தூக்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெறும் என்னைய மட்டும் எடுத்தா நல்லாவா இருக்கும்?"

"பின்ன?"

சுற்றும் முற்றும் பார்த்தார். வேலிக்கு வெளியே மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டுக்குட்டியை, மேய்க்கிற அம்மாவிடம் சொல்லிவிட்டு, தூக்கி வந்து மார்போடு அணைத்துக்கொண்டார். "இப்ப எடுங்க." எடுத்தேன். அதைத்தான் அனுப்பினார். வெள்ளைக்காரம்மாவிடமிருந்து குரல்செய்தி வந்தது. ஆடும் மெனுவில் உண்டா என்று கேட்டிருந்தார். இவர் பதறிப்போய், "நோ மேடம், நோ, திஸ் ஒன்லி போட்டோ" என்று மூன்று தடவை திருப்பி அனுப்பினார்.

நான் அவர்மேல் எரிந்து விழுந்த நாட்களும் உண்டு. கல்யாண சீசன். பத்திரிகைக்காரர்கள் வரிசையில் நிற்க, இவர் வறுத்த உருளைக்கிழங்கைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டு என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "ஒங்களுக்கு ஏண்ணே இந்தக் கிறுக்கு?" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அங்க மொத வருசம் நான் சமையல்ல இல்ல தங்கச்சி. கட்டட வேல. ஒரு ரூமுக்கு எட்டுப் பேரு. பொட்டலத்துல ரொட்டி வரும். வெறும் ரொட்டி. அவனவன் கட்டில்ல ஏறி, செவத்தப் பாத்து உக்காந்து திம்போம். ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்கமாட்டோம். பாத்தா அழுகை வந்துரும்ல. ஒருநா மலையாளத்துக்காரரு ஒருத்தரு ஊறுகா பாட்டிலத் தொறந்து நடுத்தரையில வச்சாரு. எட்டுப் பேரும் எறங்கி வந்து வட்டமா உக்காந்துட்டோம்."

சொல்லிவிட்டு, "உருளக்கெழங்குக்குப் புளிமொளகா சரியா வரும்ங்கிறீங்களா?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு மனிதர்மேல் நிம்மதியாக எரிச்சல்படுகிற வசதியை அவர் அப்படிப் பறித்திருக்கக் கூடாது. "வரும்ணே" என்று சொல்லி அதையும் அடித்தேன்.

பட்டியல் ஐம்பதைத் தொட்டபோது அவர் மனைவி கடைக்கு வந்தார். அவரைவிட ஒரு தலை உயரம். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். அதை என் மேசையில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அந்தச் சீட்டுல இருக்குற தொட்டுக்க எல்லாத்தையும் எடுத்துருங்க. அவருகிட்டச் சொல்ல வேணாம்."

"எப்படி மதினி? அண்ணன் கேட்டா?"

"கேக்கட்டும். பன்னெண்டு கேட்ட பொம்பளகிட்ட அம்பதக் கொண்டுபோயி நீட்டுனா, அது வேற ஆளப் பாத்துக்கிரும். இவரு பிளேனு ஏறிருவாரு. எம் புள்ளைக ரெண்டும் பொறந்தப்ப அங்கதான் இருந்தாரு. ரெண்டு கல்யாணத்துக்கும் விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனாரு. இனிமேயாச்சும் எனக்கு இந்த ஆளு வீட்டுப் பக்கத்துல வேணும். சட்னி இல்லாட்டிப் போகுது."

அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அழுகிற ரகம் இல்லை. எழுந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, "முருங்கக்காய இன்னைக்கே கொழம்பு வச்சிருங்க, நாளைக்கு வாடிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அழித்தேன். கோசமல்லி போனது, முந்திரிச் சட்னி போனது. மிளகு வடையில் கை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அதுவும் போனது. பன்னிரண்டு வரி மிஞ்சியது. மேலே ஒரு நங்கூரம் படம், சுற்றிலும் வெள்ளை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. இருபது பிரதி லேமினேட் செய்து, அவர் பிரித்துப் பார்த்துவிடக் கூடாதென்று பழுப்புத் தாளில் சுற்றி நூலால் இறுக்கிக் கட்டினேன்.

வாடகைக் காரில் மூவரும் போனோம். வெள்ளைக்காரம்மா எப்படி இருக்கிறார் என்று பார்க்க மதினி. அச்சில் ஏதாவது திருத்தம் சொன்னால் பார்க்க நான். உண்மையைச் சொன்னால், செய்த காரியத்தின் முடிவு தெரியாமல் எனக்குக் கடையில் இருப்புக்கொள்ளவில்லை.

சிதம்பரம் தாண்டி டீக்கு நின்ற இடத்தில் அவர் கட்டைப் பிரித்துவிட்டார். முன்பக்கம் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அடுத்த அட்டையை எடுத்து அதையும் திருப்பிப் பார்த்தார். அப்படி ஆறு அட்டை பார்த்தார்.

"பளிச்சுன்னு இருக்கு தங்கச்சி" என்றார்.

அட்டைகளை அடுக்கி, அதே நூலால் மறுபடி கட்டி, கடலூர் வரை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். டீயைக்கூட வெறும் டீயாகவே குடித்திருந்தார். மதினி ஜன்னல் வழியே வயலை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். "நான்தாண்ணே எடுத்தேன்" என்று சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன். நாலு தடவையும் கொட்டாவி விட்டதுபோல் மூடிக்கொண்டேன்.

உணவகம் கடலைப் பார்த்த ஒரு கீற்றுக் கொட்டகை. சாயங்காலம் ஐந்து மணிக்கு எட்டுப் பேர் வந்தார்கள். எல்லாரும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டவர்கள். கொட்டகை முழுக்க மேசை கிடக்க, ஆளுக்கொரு மூலையில் போய் உட்கார்ந்தார்கள். இந்த எட்டுப் பேர் சாப்பிடுவதைப் பார்த்துத்தான் முடிவு என்று வெள்ளைக்காரம்மா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார்.

சமையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது. பன்னிரண்டும் அட்டையில் இருந்தபடியே வந்தன. அவர்களும் ஒவ்வொரு வாய்க்கும் "நைஸ்", "நைஸ்" என்றார்கள். நான் டி.டி.பி. கடை வைத்திருப்பவள். டிசைன் பிடிக்காதவர்கள் எல்லாரும் என்னிடம் முதலில் "நல்லாருக்கு" என்றுதான் சொல்வார்கள். அந்தம்மா நோட்டில் எதையோ எழுதினார், அடித்தார்.

அண்ணன் சமையலறை வாசலில் நின்றார். கையைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். வெளியே வேட்டி கட்டிய ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, ஸ்பகெட்டியை முள்கரண்டியால் தட்டின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் இவரால் தாங்க முடியவில்லை. விறுவிறுவென்று அவரிடம் போனார். இருபத்தெட்டு வருடத்தில் கற்ற ஆங்கிலம், இந்தி, அரபி எல்லாம் அந்த நேரம் பார்த்துக் கைவிட்டுவிட்டன.

"ஐயா, தொட்டுக்க எதாச்சும் வேணுங்களா?" என்று தமிழிலேயே கேட்டார்.

தாத்தா நிமிர்ந்தார். முப்பது வருடமாக அந்த ஊர்க்காரராம்.

"என்ன இருக்கு?" என்றார், நம்மைப் போலவே.

இவர் முகம் செத்துப்போனது. கேட்டுவிட்டாரே தவிர, கொடுக்க ஒன்றுமில்லை. பந்தியில் கேட்டுவிட்டு இல்லை என்பதைவிட அவருக்கு வேறு அவமானம் கிடையாது. என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

மதினி எழுந்து காருக்குப் போனார். டிக்கியைத் திறந்தார். இரண்டு கையிலும் தூக்குவாளிகளோடு திரும்பி வந்தார். வைத்துவிட்டு மறுபடி போனார். மூன்று நடை. கோசமல்லி, பூண்டுத் துவையல், எள்ளுத் துவையல், முந்திரிச் சட்னி, புளிமிளகாய், கடைசியாக ஒரு டின் நிறைய மிச்சர்.

"நீங்கதான மதினி எடுக்கச் சொன்னீங்க!" என்றேன்.

"சீட்டுல இருந்துதான எடுக்கச் சொன்னேன். வண்டியில இருந்து எடுக்கச் சொன்னேனா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இம்புட்டுத் தூரம் மனுசன வெறுங்கையோட கூட்டியாற எனக்கு மனசு வரல தங்கச்சி" என்றார்.

அப்புறம் அங்கே நடந்ததைப் பந்தி என்றுதான் சொல்ல வேண்டும். தாத்தா ஒரு வாய் கோசமல்லி வைத்துவிட்டு, மூலையிலிருந்தவர்களைக் கூப்பிட்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொருவராக நாற்காலியை இழுத்துக்கொண்டு அந்த மேசைக்கே வந்துவிட்டார்கள். மூக்குத்தி போட்ட ஒரு பெண் எள்ளுத் துவையலைச் சாக்லேட் கேக்கில் தடவினாள். "நோ மேடம், திஸ் சிக்கன்!" என்று இவர் பாய்ந்து போவதற்குள் அவள் தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். மனிதர் தன் கொள்கையே ஆட்டம் கண்டதுபோல் நின்றார். பிறகு அவரும் விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துக் கேக்கோடு வாயில் போட்டுப் பார்த்தார். யாரும் "நைஸ்" என்று சொல்லவில்லை. வாய் சும்மா இருந்தால்தானே.

வெள்ளைக்காரம்மா மட்டும் சாப்பிடவில்லை. நோட்டை மூடிவிட்டு, கன்னத்தில் கை வைத்து மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்றவர். அவர் முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. இவருக்கு இரண்டு கையிலும் கரண்டி. "யாருன்னு பாரு புள்ள" என்று சட்டைப்பையைக் காட்டி நின்றார். மதினி எடுத்தார். திருச்சி ஏஜெண்டு. டிக்கெட் போட வேண்டும், இப்போதே முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் விசா வேறு ஆளுக்குப் போய்விடும். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் குரல் கேட்டது.

மதினி வெள்ளைக்காரம்மாவைப் பார்த்தார். அந்தம்மா கன்னத்திலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு புருஷனைப் பார்த்தார். அவர் அதற்குள் மேசைக்குத் திரும்பிப் போய், பூண்டுத் துவையலை எவ்வளவு எண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும் என்று குனிந்து விரலால் காட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவரு வரமாட்டாருங்க" என்றார் மதினி போனில். "வேற ஆள அனுப்பிருங்க. இங்க பந்தி நடந்துக்கிட்டு இருக்கு."

வைத்துவிட்டார்.

இவர் அங்கிருந்தே நிமிர்ந்தார். கரண்டி அந்தரத்தில் நின்றது. "ஏ புள்ள, அந்தம்மா இன்னும் ஒண்ணுஞ் சொல்லலயே?"

"சொல்லாட்டிப் போகுது. நீங்க மொதல்ல அந்த வேட்டி கட்டுன ஐயாவுக்கு வைங்க, தட்டு காஞ்சு கெடக்கு."

அவர் வைத்தார். வெள்ளைக்காரம்மா சம்மதம் சொன்னது அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான்.